பத்தமடைப் பாய் தெரியும், நெய்பவரைத் தெரியாது

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாயைப் பற்றி ஏதாவதொரு ஏஐ தேடல் கருவியிடம் கேட்டால் பதில் சரளமாக வரும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரை, அதை ஊறவைத்து மெல்லிழையாக்கும் பக்குவம், துணியைப்போல் மடிக்க முடிகிற மென்மை, மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்து தரும் கல்யாணப் பாய், 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு என எல்லாவற்றையும் சொல்லிவிடும். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. "மகள் கல்யாணத்துக்கு ஒரு பாய் வேண்டும், ஊரில் யாரிடம் சொல்லி வைப்பது?" என்று கேட்டால், பெரும்பாலும் கைவினைப் பொருள்களை வாங்கி விற்கும் பெரிய இணையதளங்களின் பெயர்கள் வரும். சில சமயம் எந்தப் பெயரும் வராது. இன்னும் சில சமயம் இல்லாத கடையொன்றின் பெயர்கூட வரக்கூடும். பொருளுக்குக் கிடைத்த புகழ் அதைச் செய்பவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் தரகர்களின் சூழ்ச்சி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பெரிய பங்கு வேறொன்றுக்கு. இந்த இயந்திரங்கள் எழுத்தில் கிடைக்கும் சாட்சியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. நம் சிறுகடைகளின் நற்பெயரோ ஏறக்குறைய முழுதும் வாய்ச்சொல்லில் இருக்கிறது. சிறுதொழில்களை ஏஐ பரிந்துரைக்கச் செய்வது எப்படி என்ற கேள்வியை விளம்பரக் கேள்வியாகப் பார்க்கும்வரை விடை கிடைக்காது என்பதே என் எண்ணம்.

காரணம் இந்தக் கருவிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி போன்றவற்றின் அடியில் உள்ள மொழி மாதிரிக்கு இரண்டு வழிகளில் செய்தி கிடைக்கிறது. முதல் வழி பயிற்சி. இணையத்திலும் நூல்களிலும் உள்ள பெருந்தொகையான எழுத்தைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிக்கப் பழகும்போது உலகத்தைப் பற்றிய செய்திகளும் அதன் எண்களுக்குள் படிந்துவிடுகின்றன. இந்தப் படிவு சமமாக நடப்பதில்லை. 2023இல் கந்த்பால் முதலானோர் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு செய்தியைப் பற்றிப் பயிற்சித் தொகுப்பில் எத்தனை ஆவணங்கள் இருந்தன என்பதற்கும், அதைப் பற்றிய கேள்விக்கு மாதிரி சரியாக விடை சொல்வதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டியது. உரிய ஆவணங்களை நீக்கிவிட்டு மறுபடி பயிற்சி கொடுத்தபோது விடையும் கெட்டது. அதே ஆண்டில் மாலன் முதலானோர் ஏறத்தாழ 14,000 கேள்விகளைக் கொண்டு சோதித்தபோதும் இதையே கண்டார்கள். பிரபலமானவற்றை மாதிரி நினைவில் வைத்திருக்கிறது, அதிகம் பேசப்படாதவற்றில் தடுமாறுகிறது, மாதிரியின் அளவைப் பெருக்கினாலும் அந்தக் குறை பெரிதாகத் தீருவதில்லை. பத்தமடைப் பாயைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை நெய்யும் இன்ன தெருவின் இன்ன வீட்டைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. மாதிரிக்கு அந்த வீடு தெரியாமல் போனதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது வழிதான் சிறுகடைக்கு நம்பிக்கை தருவது. 2020இல் ஃபேஸ்புக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பாட்ரிக் லூயிஸும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு முறையை முன்வைத்தார்கள். கேள்வி வந்ததும் மாதிரி தன் நினைவை மட்டும் நம்பாமல், வெளியே ஓர் ஆவணத் தொகுப்பில் தேடி, கிடைத்த பகுதிகளைப் படித்துவிட்டு அதன்பின் விடை எழுதுவது என்பதே அந்த முறை. இன்றைய ஏஐ தேடல் எல்லாமே இதன் ஏதோ ஒரு வடிவம். இங்கே பக்கங்கள் துண்டுகளாக உடைக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் பொருளும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்படுகிறது, கேள்வியும் அவ்வாறே. பொருளால் நெருங்கிய துண்டுகள் மேலே வருகின்றன. மாலனின் ஆய்வு இந்த இடத்தில் உற்சாகம் தருகிறது. அதிகம் பேசப்படாத செய்திகளில் தேடிப் படிக்கும் வசதிதான் மாதிரிக்குப் பெரிதும் கைகொடுத்தது. பயிற்சியின்போது விடுபட்ட கடை, தேடலின்போது கண்ணில் படலாம். அதற்கு ஒரே நிபந்தனை, கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு துண்டு எழுத்தாவது எங்காவது திறந்த வெளியில் இருக்க வேண்டும்.

மக்கள் இந்தக் கருவிகளிடம் கேட்கும் விதமும் மாறியிருக்கிறது. பழைய தேடல் பெட்டியில் "கிரைண்டர் ரிப்பேர் மதுரை" என்று தட்டியவர் இப்போது முழு வாக்கியமாகக் கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற, பழைய டில்டிங் கிரைண்டருக்குக் கல் கொத்தித் தருகிற கடை மதுரையில் எங்கே இருக்கிறது?" கூகுள் தன் ஏஐ தேடலில், இப்படிப்பட்ட கேள்வியைப் பல கிளைக் கேள்விகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் தேடுவதாகச் சொல்லியிருக்கிறது. கிரைண்டர் பழுது பார்ப்பவர் யார், கல் கொத்துபவர் யார், ஞாயிறு திறப்பவர் யார், வாடிக்கையாளர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றும் தனித் தேடல். "அனைத்து வகை வீட்டு உபயோகப் பொருள்களும் சிறந்த முறையில் பழுது பார்த்துத் தரப்படும்" என்று நம் கடைகள் போர்டில் எழுதி வைப்பது இந்தக் கிளைகளில் ஒன்றோடும் நெருங்கிப் பொருந்தாது. அந்த வாக்கியத்தில் கடைக்காரரின் நல்லெண்ணம் இருக்கிறது, செய்தி இல்லை. "டேபிள் டாப், டில்டிங் இரண்டு வகைக் கிரைண்டருக்கும் கல் கொத்துகிறோம்; பெல்ட் மாற்ற அரை நாள் ஆகும்; ஞாயிறு பகல் ஒரு மணி வரை உண்டு" என்று எழுதிய கடைக்காரர், தான் அறியாமலே நான்கைந்து கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுகிறார்.

எப்படிப்பட்ட எழுத்து மேலே வருகிறது என்பதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று இழுபறியாக இருக்கின்றன. ஆலோசனை விற்பவர்கள் சௌகரியமான பாதியை மட்டும் காட்டுவதால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 10,000 கேள்விகளைக் கொண்டு செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒரே பக்கத்தைப் பல விதமாக மாற்றி எழுதி, ஏஐ விடையில் அதற்குக் கிடைக்கும் இடம் கூடுகிறதா என்று அளந்தார்கள். ஆதாரம் காட்டுவது, மேற்கோள் சேர்ப்பது, எண்களைச் சேர்ப்பது ஆகியவை 40 விழுக்காடு வரை இடத்தைக் கூட்டின. பழைய தேடல் வித்தையான, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது பயன் தரவில்லை. தேடல் வரிசையில் பின்தங்கியிருந்த பக்கங்களுக்கே இந்த மாற்றங்களால் அதிக ஆதாயம் என்பதும் அதில் தெரியவந்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. ஒன்றுக்கொன்று முரணான பக்கங்களைக் கொடுத்து எதை நம்புகிறது என்று பார்த்தபோது, மனிதர் மதிக்கும் ஆதாரக் குறிப்புகளையும் நடுநிலைத் தொனியையும் மாதிரி பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கேள்வியோடு பக்கம் எவ்வளவு பொருந்துகிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டது. முதல் ஆய்வு, விடையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று அளந்தது. இரண்டாவது, எந்த முடிவு வெல்கிறது என்று அளந்தது. அதனால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பாதை தெரிகிறது: கேட்பவரின் கேள்விக்கு நேரான விடை, அதில் எண்ணோ பெயரோ நேரமோ உள்ள உறுதியான செய்தி. எங்கள் தரம், எங்கள் பாரம்பரியம் என்ற புகழுரைக்கு இரண்டு ஆய்வுகளிலும் இடமில்லை.

எழுத்து எங்கே இருக்கிறது என்பதும் அதேயளவு முக்கியம். இன்று தமிழ்நாட்டின் சிறுகடைக்காரர் விளம்பரம் செய்யாதவர் என்று சொல்லவே முடியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் புதுச் சரக்கைப் போடுகிறார், ரீல்ஸ் எடுக்கிறார், ஃப்ளெக்ஸ் கட்டுகிறார். இவற்றில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், வெளியிலிருந்து யாரும் தேடிப் படிக்கவும் முடியாது. ரீல்ஸில் பாட்டு ஒலிக்கிறது, கடையின் முகவரி ஒலிப்பதில்லை. விலைப்பட்டியலைப் படமாக எடுத்துப் போட்டால், அதிலுள்ள எழுத்து தேடலுக்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இவ்வளவு உழைப்பும், ஏற்கெனவே கடையைத் தெரிந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது. மறுபக்கம், பணம் எதுவும் வாங்காத கூகுள் வணிகப் பக்கத்தில் திறக்கும் நேரம் பல ஆண்டுக்கு முந்தையதாக இருக்கும், தொழில் வகை "கடை" என்று மட்டும் இருக்கும். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற தன்மை என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் தானே சொல்கிறது. தொலைவைக் கடைக்காரரால் மாற்ற முடியாது, பெயர் ஒரே நாளில் வராது. பொருத்தம் ஒரு பிற்பகல் வேலை. எல்லாக் கருவிகளும் கூகுளையே நம்பியிருப்பதில்லை என்பதால் யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் கடையைக் குறித்து வைப்பது நல்லது. சொந்த இணையப் பக்கம் இருந்தால் ஸ்கீமா என்ற பொதுக் குறிமுறையில் பெயர், முகவரி, நேரம் ஆகியவற்றைப் பதிக்கலாம். 2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவர் பக்கங்களைப் படிக்க வரும் ஏஐ நிறுவனங்களின் நிரல்களை உள்ளே விடாமல் தடுத்து வைத்திருக்கிறாரா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே கடை ஓரிடத்தில் "ஸ்ரீ முருகன் எலக்ட்ரிக்கல்ஸ்", இன்னோரிடத்தில் "முருகன் கிரைண்டர் சர்வீஸ்", மூன்றாமிடத்தில் கைமாறிப்போன பழைய செல்பேசி எண்ணோடு நிற்கிறது என்றால், அவை மூன்றும் ஒன்றே என்று இயந்திரம் முடிவுசெய்ய வழியில்லை. ஒன்றையொன்று ஆதரிக்க வேண்டிய மூன்று சாட்சிகள் ஒன்றையொன்று கலைத்துவிடுகின்றன. "பஸ் ஸ்டாண்டு எதிரில், நகைக்கடைப் பக்கத்துச் சந்து" என்ற நம் முகவரி வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மக்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். கதவு எண்ணோடும் அஞ்சல் குறியீட்டோடும் சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினால் போதும்.

வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்களில் பெரும்பாலானவை "சூப்பர்", "குட் சர்வீஸ்" என்று முடிந்துவிடுகின்றன. நட்சத்திரம் கூடுகிறது, சாட்சியம் சேரவில்லை. "மோட்டார் எரிந்துபோன கிரைண்டரைக் கொண்டுபோனேன், காயில் கட்டி மறுநாளே கொடுத்தார்" என்ற ஒரு வரி, ஐம்பது "சூப்பர்"களால் செய்ய முடியாததைச் செய்கிறது, ஏனென்றால் நாளை வேறொருவர் கேட்கப்போகும் கேள்விக்கு அது விடை. வேலை முடிந்து பணம் கொடுக்கும்போது, "என்ன வேலை செய்து கொடுத்தோம் என்று இரண்டு வரி எழுதுங்கள் அண்ணாச்சி" என்று கேட்பதில் தவறில்லை. எழுதினால் தள்ளுபடி என்று சொன்னால் தவறு. கூகுளின் விதிகளே அதைத் தடுக்கின்றன.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எவ்வளவு எழுதினாலும் பெரிய நிறுவனங்கள் அதைவிட அதிகமாக எழுதிவிடுமே, கூலிக்கு ஆள் வைத்து ஆயிரம் பக்கம் எழுதுமே, பிறகு சிறுகடைக்கு என்ன மிஞ்சும்? பொருள் விற்பனையில் இந்தப் பயம் நியாயமானது. மிக்ஸியோ செல்பேசியோ வாங்கப் போகிறவருக்குப் பெரிய தளங்களையே இயந்திரம் காட்டும், அதை உள்ளூர்க் கடை எழுத்தால் வெல்ல முடியுமென்று நான் நம்பவில்லை. ஆனால் வெளியாருக்குத் தெரியாத நற்பெயரை எழுத்து வெளிக்கொண்டுவரும்போது யாருக்கு ஆதாயம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஹார்வர்டின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தின் விமர்சனங்களையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுவதாகக் கண்டார். அந்த விளைவு தனி உணவகங்களில் மட்டுமே தெரிந்தது. சங்கிலித்தொடர் உணவகங்களில் இல்லை. காரணம் எளிது. சங்கிலிக் கடையில் என்ன கிடைக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும், விமர்சனம் புதிதாக எதையும் சொல்வதில்லை. தெரியாத கடையைப் பற்றிய ஒரு வரிக்கே மதிப்பு அதிகம். ஏஐ தேடல் அந்த நிலைமையை அப்படியே பின்பற்றும் என்பதற்கு உறுதி இல்லை. அந்தத் திசையில் போக வாய்ப்பு இருக்கிறது என்பதுவரை சொல்லலாம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. நேர்மையாக எழுதுபவரைவிட ஏமாற்றுபவர் முந்திக்கொள்வார் என்பது. இதற்கும் சான்று இருக்கிறது. 2024இல் ஹார்வர்டைச் சேர்ந்த இருவர், கற்பனையான காபி இயந்திரங்களின் பட்டியலை மாதிரியிடம் கொடுத்து, ஒன்றின் விவரக் குறிப்பில் கணக்கிட்டுத் தயாரித்த பொருளற்ற எழுத்துச் சரம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவரை பரிந்துரைக்கப்படாத இயந்திரம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆக ஏமாற்ற முடியும். ஆனால் அந்தச் சரம் குறிப்பிட்ட மாதிரியின் உள்ளமைப்பைப் பார்த்துச் செதுக்கியது; மாதிரிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன, மாறும்போது வித்தையும் உதிர்ந்துவிடக்கூடும். போலி விமர்சனத்துக்கும் காலம் சுருங்குகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விருப்பத்தின் பேரில் பின்பற்றும் தரநிலையாகவே அது வந்தது என்பது அதன் பலவீனம். அமெரிக்காவில் போலி விமர்சனங்களை வாங்குவதும் விற்பதும் 2024 அக்டோபரிலிருந்து தண்டத்துக்குரியது. எனவே "சாட்ஜிபிடியில் முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று மாதச் சந்தா கேட்பவரிடம் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முதலிடம் என்றால் எது? மொழி மாதிரி அடுத்த சொல்லை நிகழ்தகவின்படி தேர்ந்தெடுப்பதால், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு பட்டியல் வரக்கூடும். நிலையான வரிசையே இல்லாத இடத்தில் முதலிடத்தை விற்பது பார்க்காத நிலத்தை விற்பதற்குச் சமம். தன் ஏஐ விடைகளில் இடம்பெறத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான தேடலுக்கு நல்லது எதுவோ அதுவே போதும் என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

கடைக்காரரே சொல்லக்கூடிய மூன்றாவது மறுப்பும் உண்டு: "எனக்கு இருக்கிற வாடிக்கையே போதும், இதற்கெல்லாம் நேரமில்லை." பாதிப் பேருக்கு இது முழு உண்மை. தெருமுனை டீக்கடைக்கும் அன்றாடம் பால் ஊற்றுபவருக்கும் ஏஐ பரிந்துரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர்களை இதில் இழுத்துவிடுவது வீண் தொல்லை. வாடிக்கையாளர் முன்பின் அறியாதவராக வரும் தொழில்களுக்கே இது கவலை: எப்போதோ ஒருமுறை தேவைப்படும் பழுதுவேலை, வெளியூரார் வந்து தேடும் கைவினை, ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் தேடும் தையல்காரர், இரவில் தேவைப்படும் மருந்துக்கடை. இங்கெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்த வழக்கம் குறைந்து, செல்பேசியிடம் கேட்கும் வழக்கம் வளர்கிறது.

எழுதுவது எந்த மொழியில் என்பதும் தீர்க்க வேண்டிய கேள்வி. இந்த இயந்திரங்கள் நெடுங்காலம் தமிழை மிகுந்த சிரமத்தோடுதான் படித்தன. எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டியே மாதிரி படிக்கும். தமிழை அது தேவைக்கு மேல் பொடிப்பொடியாக வெட்டியது. 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ புது மாதிரியை வெளியிட்டபோது, ஒரு தமிழ் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு முன்பு 116 டோக்கன்கள் ஆனது இப்போது 35 ஆகக் குறைந்ததாக அறிவித்தது. இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. தமிழில் கேட்டாலும் ஆங்கிலப் பக்கங்களிலிருந்து விடை வருவது உண்டு. அதற்காக ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவது சரியான கணக்கு ஆகாது. ஒரு சிற்றூரின் ஒரு தொழிலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு. குறைவான இடத்தில் ஒரு தெளிவான பத்தி எளிதில் கண்ணில் படும். பேசித் தேடுபவர்கள் தமிழில் பேசுகிறார்கள், அதுவும் "கல் கொத்துவது", "காயில் கட்டுவது" போன்ற தொழில் வழக்கில் பேசுகிறார்கள். தமிழில் ஒரு பத்தி, அதற்குக் கீழே வெளிநாட்டில் இருப்பவருக்காக ஆங்கிலத்தில் நான்கு வரி என்பது நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு.

இதையெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர் தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பத்தமடையில் பாய் நெய்பவருக்கு நேரம் என்பதே கூலி. தொடக்கச் சாட்சி ஏற்கெனவே அரசிடம் இருக்கவும் இடமுண்டு. புவிசார் குறியீடு பெற்ற பொருளைச் செய்பவர்கள், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். நாடு முழுமைக்குமான அந்தப் பதிவகம் சென்னையில்தான் இயங்குகிறது. பத்தமடைப் பாய் என்ற பெயரைப் பயன்படுத்த உரிமையுடையவர் இவர் என்று அரசு சொல்லும் சாட்சியைவிடக் கனமான சாட்சி எந்தக் கடைக்கும் கிடைக்காது. ஆனால் பதிவேடு சட்டத்துக்காக எழுதப்படுவது. அதில் பெயர் இருக்கும், கல்யாணப் பாய்க்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயர் சேர்த்து நெய்ய எவ்வளவு கூடுதல், எந்த எண்ணுக்கு அழைப்பது என்பவை இருக்காது. நெசவாளர் சங்கமோ, மாவட்டத் தொழில் மையமோ, பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த் துறையோ ஒரு கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்க் கேட்டு, அங்கீகாரம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி எழுதி, எல்லாரும் படிக்கக்கூடிய ஒரே பக்கத்தில் போட்டு, ஆண்டுதோறும் சரிபார்க்கலாம். பதிந்துகொள்ளாதவர்கள் யார் யார் என்பதும் அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதைப் பத்தி எழுதுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.